ஒன்பது அங்குலம்

அப்பர் எல்பர்ன்,
ஹாம்ப்ஷயர்.
1 செப்டம்பர் 1996, ஞாயிறு

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

ஆல்வின் எழுதிக்கொள்வது. நானும் ஆறு கோழிகளும் சௌக்கியம். ஏழாவதைப் பற்றி நரியிடம்தான் விசாரிக்க வேண்டும். நீயும் ஜூடித்தும் அவள் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை கனடாவிலிருந்து நீ தொலைபேசியில் பேசியதில் எனக்குக் கேட்டது 'குளிர்' என்ற ஒரு சொல் மட்டும்தான். அங்கே குளிர் வந்துவிட்டதா, அல்லது நான் எதையாவது குளிரவைத்துச் சாப்பிட வேண்டுமா என்று இன்னும் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் தண்ணீர்க் கம்பெனியின் பம்பு அறையில் நின்ற காது இது. இனிமேல் கடிதமே போடு. உன் கையெழுத்து எனக்கு நன்றாகக் கேட்கிறது.

டாம்சன் பிளம் பழங்கள் மரத்தடியில் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு ஜாம் காய்ச்சத் தெரியாது என்று மரத்திடம் சொல்லிப் பார்த்தேன், அது நிறுத்துவதாக இல்லை. ஓடை இந்த வருஷமும் ஆகஸ்டிலேயே பின்வாங்கிவிட்டது. இப்போது தேவாலயத்துக்குக் கீழே ஆட்டுப் பாலத்தருகில்தான் தண்ணீர் கசிந்து தொடங்குகிறது. நம் வேலிக்குப் பின்னால் வெறும் கூழாங்கல். அதில் ஒரு நாரை வந்து நின்று, வழி தவறியதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன நாலு கட்டளைகளில் முதலாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ஞாயிறு காலை கிணற்றை அளக்கவும். நாடாவை இறக்கவும். குண்டு தண்ணீரில் பட்டதும் சத்தம் கேட்கும். விளிம்பில் நாடா காட்டுவதை நோட்டில் எழுதவும்.' சத்தம் கேட்கும் என்று யாருக்கு எழுதினாய் என்று யோசித்தாயா? முதல் ஞாயிறு சத்தத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து மொத்த நாடாவையும் கிணற்றுக்குள் இறக்கித் திரும்பச் சுருட்டினேன். இரண்டாம் ஞாயிறு மனதுக்குத் தோன்றியதை எழுதினேன். பிறகு பயந்துபோய் அழித்தேன். இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் கைக்கண்ணாடியை எடுத்துப் போய் வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினேன். கிணறு அடி வரை பளிச்சென்று தெரிந்தது. குண்டு தண்ணீரைத் தொட்டதும் வட்டம் வட்டமாக விரிந்ததைக் கண்ணால் பார்த்து அளந்தேன். இருபத்து நாலு அடி ஒரு அங்குலம். எழுதியாயிற்று.

நோட்டைத் திறந்தவன் மூடவில்லை. நம் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீ எழுதியிருப்பதை முப்பத்தைந்து வருஷத்தில் இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ப் பேச்சு கூடாது என்று நீ விதி போட்டாய். நானும் பம்பைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். நல்ல விதிதான், நிறையச் சண்டையை மிச்சப்படுத்தியது.

1971-ஆம் வருஷத்துப் பக்கத்தில் ஆறு ஞாயிறு காலியாக இருக்கிறது. உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ டார்செட்டுக்குப் போயிருந்த நாட்கள். செப்டம்பர் 19-ல் இருபத்திரண்டு அடி மூன்று அங்குலம். அடுத்து நவம்பர் 7-ல் இருபத்து மூன்று அடி. அதன் கீழே சிவப்புப் பென்சிலில், தாள் கிழியும்படி அழுத்தி, 'புதுப் பம்பு. ஒன்பது அங்குலம்' என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு மைல் தள்ளி நிலத்தடித் தண்ணீரை இழுக்கும் அந்தப் பம்பைப் பூட்டியவன் நான். அதனால்தான் ஒரு விஷயம் இடிக்கிறது. அதை அக்டோபரில் மேடை கட்டி நிறுத்தினோம், உண்மை. ஆனால் கூடவே வந்த பெரிய வால்வு வெடிப்போடு வந்து சேர்ந்தது. மாற்று வால்வு வரும்வரை பம்பு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. முதன்முதலாக நான் அதை ஓட்டியது ஜனவரியில். ஓட்டிய அன்று மேலதிகாரி ஆளுக்கொரு பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிக் கொடுத்தார், அதனால் மறக்கவில்லை. அப்படியானால் நவம்பரில் நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது யார்?

நேற்று ஓடையைக் காக்கும் சங்கத்தின் லோடர் வந்தார். ஓடைச் சங்கத்து அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டாராம். அக்டோபர் முதல் தேதி ஊர் மண்டபத்தில் விசாரணை. கம்பெனி என் பழைய பம்பை எடுத்துவிட்டு அதைப்போல் இரண்டு மடங்கு பெரியதைப் போடப் பார்க்கிறது. சங்கமோ, பன்னிரண்டு மைல் கீழே பெரிய ஆற்றிலிருந்து குழாய் கொண்டுவா, ஓடையின் ஊற்றில் கை வைக்காதே என்கிறது. உன் ஒன்பது அங்குலம்தான் அறிக்கையின் முதல் பக்கம். என்னைப் பார்த்து, "நீங்க கூட்டத்துக்கு வந்தே ஆகணும்னு இல்ல ஆல்வின். வந்தாலும் பின்னாடி உக்காந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நம் டாம்சன் பழத்தில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு இந்த வால்வு விஷயம் மண்டையைக் குடைகிறது. உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது. ஜூடித்திடம் அப்பா கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆல்வின்


அப்பர் எல்பர்ன்,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

உன் பதில் வருமுன்பே அடுத்த கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. கோழிகள் நலம், நான் நலமா என்று தெரியவில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி. குழந்தை பிறந்திருந்தால் அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படி.

இன்று காலையும் கண்ணாடியோடு போனேன். வெயில் சாய்வாக வந்ததால் வெளிச்சம் முதலில் கிணற்றுச் சுவரில் விழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுவர் நெடுக உருண்டைச் சக்கிமுக்கிக் கல், நடுவில் பழைய சுண்ணாம்புக் காரை. நம் ஊர்க் கிணறுகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் உச்சியில் மட்டும் மூன்று வரி செங்கல் இருக்கிறது. நீலக் கறுப்புச் செங்கல், சிமெண்டுப் பூச்சு. வெளிப்பக்கம் உன் ஐவிக் கொடி அடர்ந்து மூடியிருப்பதால் அது தெரிவதே இல்லை. உள்பக்கம் தலையை நீட்டிப் பார்க்க எந்தப் புத்தியுள்ளவனுக்கும் தேவை வராது. காது கேட்டிருந்தால் எனக்கும் வந்திருக்காது.

அந்தச் செங்கல்லை எனக்குத் தெரியும். இந்த ஊரில் எந்த வீட்டிலும் அது கிடையாது. இயந்திரத்தின் கனத்தைத் தாங்க மேடை கட்டுவதற்கென்று கம்பெனி வரவழைத்தது. புதுப் பம்புக்கு மேடை கட்டிய அதே செங்கல்.

கல்லைப் பார்த்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நீ டார்செட்டில் இருந்தாய். ஜூடித்துக்கு இரண்டரை வயது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கிணற்று விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு, கால் தரையில் படாமல், உள்ளே இருக்கிற பாப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அப்போது சுவர் அவ்வளவு தாழ்வு. நான் ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. பூனையைப் பிடிப்பதுபோல் நடந்து போய்த் தூக்கினேன். அந்த வாரக் கடைசியில் கம்பெனி வண்டியில் மிச்சச் செங்கலை ஏற்றிக்கொண்டு வந்து சுவரை உயர்த்தினேன். நூற்றுப் பதினெட்டுக் கல். கேட்டு எடுக்கவில்லை. குழந்தை தொங்கியதை உன்னிடம் சொல்லவும் இல்லை, உனக்கு அப்போது போதிய துக்கம் இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ சனிக்கிழமை வந்தாய். சுவரில் கை வைத்து, "நல்லா செஞ்சிருக்க" என்று சொன்னாய். மறுநாள் ஞாயிறு. நாடாவை எடுத்துக்கொண்டு போய் எப்போதும்போல் விளிம்பிலிருந்து அளந்தாய்.

மூன்று வரியையும் பூச்சோடு சேர்த்து இன்று அளந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒன்பது அங்குலம். தண்ணீர் இறங்கவில்லை ஹெஸ்டர். விளிம்பு ஏறியிருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. லோடரிடம் சொன்னால், பம்புக்காரன் தன் பம்பைக் காப்பாற்ற வந்துவிட்டான் என்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். சொல்லாவிட்டால், உன் பெயர் போட்ட அறிக்கை பொய்யோடு மண்டபத்துக்குப் போகும். கம்பெனியில் இப்போது இருக்கும் இளம் இன்ஜினியர் ப்ரூவெட் கெட்டிக்காரன். போன மாதம் நம் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். இன்றில்லாவிட்டால் நாளை அவனே கண்டுபிடிப்பான். அப்போது முப்பத்தைந்து வருஷ நோட்டும் குப்பைக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். கோழிகளுக்கு ஒரு முழு ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். 71-ஆம் வருஷக் குளிர்காலம் முழுக்க நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா போன துக்கம் என்று நினைத்தேன். பிறகு மேஜையில் தண்ணீர்ப் பேச்சு கூடாது என்றாய், அதையும் துக்கம் என்றே நினைத்தேன். இப்போது சிவப்பு எழுத்தைப் பார்க்கிறேன். நான்தான் கிணற்றை இறக்கினேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாயா?

நோட்டு உன்னுடையது. நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு, நடந்ததை மறந்துவிடு என்றாலும் சரி. சீக்கிரம் எழுது.

ஆல்வின்


சஸ்காச்சுவான், கனடா.
16 செப்டம்பர் 1996

அன்புள்ள ஆல்வின்,

பெண் குழந்தை. ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ். வினிஃப்ரெட் என்று என் அம்மா பெயரை வைத்திருக்கிறார்கள். ஜூடித் சுகமாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை நன்றாக அதட்டுகிறாள். குழந்தைக்கு உன் காது. வடிவத்தைச் சொல்கிறேன், கேட்கும் திறனை அல்ல. கதவு சாத்தினால் அலறுகிறது.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. நான் இரண்டாவதைத்தான் முதலில் பிரித்தேன். அதனால் வால்வு எது, கண்ணாடி எதற்கு என்று ஒன்றும் விளங்காமல், தண்ணீர் இறங்கவில்லை என்ற வரி மட்டும் கண்ணில் குத்தியது. படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்த ஊரில் வெறித்துப் பார்ப்பதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது, கோதுமைத் தாள்தான். அதையே வெகுநேரம் பார்த்தேன். "என்னம்மா, அப்பா செத்துட்டாரா?" என்று ஜூடித் ஜன்னல் வழியாகக் கேட்டாள். இல்லை, செங்கல் திருடியிருக்கிறார் என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், நீதான் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நாடாவை இறக்கும்போது, இதில் ஒன்பது அங்குலம் என் புருஷனுடையது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு உள்ளே வந்து உனக்கு முட்டை பொரிப்பேன். முதல் சில வருஷம் கோபமாக இருந்தது. அப்புறம் அது கோபம்கூட இல்லை, முட்டியில் இருக்கிற வலி மாதிரி கூடவே இருந்தது. உன்னிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வால்வு என்று சொல்லியிருப்பாய், அன்றைக்கே முடிந்திருக்கும். நான் கேட்காமல் விதி போட்டேன். என்னை மன்னித்துவிடு ஆல்வின். இதை எழுதும்போது அழுகிறேன், மை கலைந்திருந்தால் அதற்குக் காரணம் குழந்தை இல்லை.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கை உன் புதுச் செங்கல் மேலேயே இருந்தது. அது சில்லென்று இருந்தது என்பதுகூட ஞாபகம் வருகிறது. ஆனாலும் அது அங்கே இருப்பது புத்திக்கு ஏறவில்லை. அன்றைக்கு என்னிடம் கூரை உச்சியிலிருந்து அளக்கச் சொல்லியிருந்தாலும் அளந்திருப்பேன். இதை மண்டபத்தில் சொல்லாதே. ஹெஸ்டர் தப்பாக அளந்தாள் என்று மட்டும் சொல். என் அம்மாவின் சாவைச் சாக்காக வைக்க எனக்குப் பிடிக்காது.

சொல்லத்தான் வேண்டும். கிழித்துப் போடு என்று நான் சொல்வேன் என்று நீ நினைத்ததற்கு ஊருக்கு வந்த பிறகு தனியாகத் திட்டுகிறேன். லோடரிடம் முதலிலேயே சொல்லிவிடு. பத்துப் பேர் முன்னால் அவர் அதைக் கேள்விப்படக் கூடாது. எரிச்சல் பிடித்த மனுஷன்தான், ஆனால் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று வருஷா வருஷம் பூச்சி எண்ணியவர்.

இன்னொரு வேலை. ஒன்பது அங்குலம் போய்விட்டது, சரி. போன பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? நீ சந்தோஷத்தில் பார்த்திருக்க மாட்டாய். 71 நவம்பருக்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு எண்ணிலும் ஒன்பதைக் கழி. ஜூடித்தின் பழைய மேஜை இழுப்பறையில் கட்டம் போட்ட தாள் இருக்கிறது, அதில் புள்ளி வைத்துப் பார். ஒன்பது என்பது பெரிய சத்தம், அதனால் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். சின்னச் சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று நீ கேட்டுச் சொல்.

ஜூடித் என்னை வசந்தம் வரை இருக்கச் சொல்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆறு கோழியையாவது நரியிடமிருந்து காப்பாற்று.

ஹெஸ்டர்


அப்பர் எல்பர்ன்,
6 அக்டோபர் 1996, ஞாயிறு

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

வினிஃப்ரெட்டுக்கு என் ஆசீர்வாதம். நல்ல கூர்மையான காதோடு நூறு வருஷம் இருக்கட்டும். ஜூடித்துக்கு என் முத்தம். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மை கலைந்த இடத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் லோடர். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. "இருபத்தெட்டு வருஷம் கம்பெனிச் சோறு தின்னவன்தானே நீ, வேற எப்படிப் பேசுவ" என்றார். நான் உன் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்த வரியை மட்டும் மடித்துக் காட்டினேன். எரிச்சல் பிடித்த மனுஷன் என்ற பகுதியை மடிக்க மறந்துவிட்டேன். படித்துவிட்டு, "உள்ள வந்து தொலை" என்றார். அன்று மாலையே நம் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அறிக்கையின் முதல் பக்கத்தை அவரே கிழித்தார்.

பிறகு கட்டத் தாள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஞாயிறு, ஐந்து நாள் ஆயிற்று. மழை வருஷம் ஏறுகிறது, வறட்சி வருஷம் இறங்குகிறது, பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. தாள்களை ஒட்டித் தரையில் விரித்துவிட்டு, நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. வருஷத்துக்கு அரை அங்குலம், சில சமயம் அதற்குச் சற்று மேல். குதிக்கவில்லை, தடுமாறவில்லை, நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்பதைக் கழித்த பிறகும் பதிமூன்று அங்குலம் மிச்சம். நீ சொன்ன சின்னச் சத்தம் அதுதான். புள்ளிகள் இழுத்த அந்தக் கோட்டை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

விசாரணையன்று மண்டபம் நிறைந்திருந்தது. நடத்தியவர் ட்ரென்சார்ட் என்ற அம்மாள். குட்டையானவர், சளி பிடித்திருந்தது, ஆனால் எதையும் தவற விடவில்லை. லோடரே எழுந்து, முதல் பக்கத்தைத் திரும்பப் பெறுவதாகவும் காரணத்தை ஆல்வின் சொல்வார் என்றும் அறிவித்தார். நான் போய்ச் சொன்னேன். செங்கலை எங்கிருந்து எடுத்தேன் என்பதைச் சொல்லாமல் தேதியை நிரூபிக்க முடியாது, அதனால் அதையும் சொன்னேன். மண்டபமே சிரித்தது. ப்ரூவெட் எழுந்து, "அந்தக் கல்லைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் இல்லீங்க" என்றான். அதற்கும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் ஊர்வலமாக நம் தோட்டத்துக்கு வந்தோம். உன் கைக்கண்ணாடியை வாங்கி அவரே வெளிச்சம் போட்டுப் பார்த்தார், தன் நாடாவால் அளந்தார், எழுதிக்கொண்டார்.

திரும்பவும் மண்டபத்தில் போய் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "அப்படின்னா பம்பால எதுவும் ஆகலன்னு சொல்றீங்களா மிஸ்டர் காப்?" என்று கேட்டார்.

லோடர் தன் பூட்ஸைப் பார்த்தார். ப்ரூவெட் என்னைப் பார்த்தான். எனக்குச் செங்கல்லைப் பற்றித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் மன்னிப்பும் பையில் இருந்தது. அதோடு வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டிருக்கலாம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்லீங்க மேடம். அந்த ஒம்பது அங்குலம் நான் இல்ல. மிச்சப் பதிமூணு நான்தான்" என்றேன்.

பம்பு அறைப் பதிவேட்டை ப்ரூவெட் கொண்டு வந்திருந்தான். நான் வேறு இடத்தில் பார்த்ததாகச் சொன்னது அதில்தான், என் கையெழுத்தில். முதல் வருஷம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினேன். அடுத்த வருஷம் ஏழு. நான் ஓய்வு பெற்ற வருஷம் பத்தொன்பது. ஒவ்வொரு வசந்தத்திலும் தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள், "ஆல்வின், இன்னும் கொஞ்சம் கூட ஓட்டுப்பா, டவுன் பெருசாகுது" என்று. நான் ஓட்டினேன். தண்ணீர் மேலே வருகிறதா என்று பார்த்தேன், எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உன் நோட்டு ஒரு மைல் தள்ளி அடுக்களை அலமாரியில் இருந்தது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால் எழுபத்தைந்திலேயே தெரிந்திருக்கும். அதைத்தான் அங்கே சொன்னேன். மேஜை விதியைப் பற்றிச் சொல்லவில்லை, அது நம் வீட்டு விஷயம்.

ப்ரூவெட்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவன் எழுந்து, போன கோடையில் டவுனில் கிங்ஸ்மியர் பக்கம் குழாய் காய்ந்தபோது தன் மனைவி மூன்று மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றதைச் சொன்னான். "ஆத்துலேருந்து குழாய் போட நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவங்களுக்கு நான் என்னத்தக் குடுக்கறது?" என்றான்.  லோடர்கூடத் தலையாட்டினார். கடைசியில் அந்த அம்மாள், தன் முடிவு நவம்பரில் வரும் என்றும், அதற்குள் பழைய பம்பை எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினால் ஓடை தாங்கும் என்று நோட்டையும் பதிவேட்டையும் வைத்துக் கணக்கிட்டுத் தரும்படியும் கேட்டுக்கொண்டார். அதனால் இனிப் புதன்கிழமைகளில் லோடரும் ப்ரூவெட்டும் நம் வீட்டுக்கு வருவார்கள். இந்தப் புதன்கிழமையே மூன்று பேரும் கட்டத் தாளின் மேல் குனிந்து கத்திக்கொண்டோம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பாதி நேரம் நிறுத்தினால் ஊற்று நம் வேலி வரை திரும்புமா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. திரும்பாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

நீ கேட்ட மன்னிப்பை நான் வைத்துக்கொள்ள முடியாது ஹெஸ்டர். நீ எழுதிய அளவுதான் தப்பு, ஆளைச் சரியாகத்தான் பிடித்திருந்தாய். ஒரு ராத்திரியில் செய்யவில்லை, வருஷம் அரை அங்குலமாகச் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்கிறேன்.

ஜூடித் வசந்தம் வரை இருக்கச் சொல்வது நியாயம். சின்னக் குழந்தை, குளிர் நாடு, உதவிக்கு ஆள் வேண்டும். நீ இருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடு. இதைப் படித்ததும் உனக்குப் பழைய கோபம் திரும்பியிருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை நீ அதை மேஜையிலேயே வைத்துச் சொல்லலாம், தட்டு ஆறினாலும் பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, மெதுவாகப் பேசு. உன் உதட்டைப் பார்த்தால் எனக்கு எல்லாம் விளங்கும்.

உன்,
ஆல்வின்